கரடிப்போக்குச் சந்தி நிர்ப்பீடன வகுப்பு: ஆறு ஞாயிறு போய்வந்தபின் எழுதுவது

கிளிநொச்சியில் ரியூசன் விளம்பரம் என்றால் சுவரொட்டியின் முக்கால் பங்கை ஆசிரியரின் முகம் பிடித்திருக்கும். மிச்சக் காற்பங்கில் சென்ற ஆண்டு மருத்துவபீடம் புகுந்த பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக இருக்கும். கரடிப்போக்குச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடந்த இந்த வகுப்புக்கு அப்படி எதுவும் இல்லை. கையால் எழுதி நிழற்பிரதி எடுத்த ஒற்றைத் தாள்தான் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறைக்கு வந்தது. “சீராக்கும் ரி-கலங்கள் உள்ளார்ந்த நிர்ப்பீடனக் கலங்களை எவ்வாறு ஆள்கின்றன: ஆறு ஞாயிறு வகுப்புகள்” என்று அதில் இருந்தது. சீராக்கும் ரி-கலம் என்பது உடலின் நோயெதிர்ப்பை (நிர்ப்பீடனத்தை) மட்டுப்படுத்தும் ஒருவகை வெண்குழியம்; உள்ளார்ந்த கலங்கள் என்பவை பிறவியிலேயே அமைந்து, கிருமியை முதலில் எதிர்கொள்பவை. ஆசிரியை தம் பெயரைத் தாளில் போடவில்லை. ஆகவே நானும் இங்கே போடவில்லை. தேடிப் போகிறவர்களுக்கு அந்த மாடிப்படியைக் கண்டுபிடிப்பது கடினமாக இராது.

கட்டணம் ஆறு வகுப்புக்கும் சேர்த்து 3,500 ரூபா. குறிப்புகளுக்குத் தனியாக 600 ரூபா. வந்தவர்கள் இருபதுக்குச் சற்று மேல்: என்னைப் போன்ற உயிரியல் ஆசிரியர்கள், தாதியர் பயிற்சியில் இருப்பவர்கள், வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் இருவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் சில பிள்ளைகள். நான் விசுவமடுவிலிருந்து பரந்தன் வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் போனேன். போக்குவரத்துச் செலவையும் சேர்த்துத்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

தரம் 13 பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் வரையும் நிர்ப்பீடனப் படத்தில் அம்புக்குறிகள் பெரும்பாலும் இடமிருந்து வலமாகவே போகும். முதலில் தோலும் சீதமென்சவ்வும். அவற்றைக் கடந்து கிருமி வந்தால் அதை விழுங்கும் வெண்குழியங்களான நடுநிலைநாடிகளும் பெருந்தின்குழியங்களும். பிறகு கிளைக்கலம் பிறபொருளின் துண்டைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க்கணுவுக்குப் போய் ரி-நிணநீர்க்குழியத்துக்குக் காட்டுவது. கடைசியில் ரி-யும் பி-யும் பெருகுவது. துணை ரி-கலம் பெருந்தின்குழியத்தை உசுப்பிவிடும் என்ற ஒரு சிறு அம்பு மட்டும் வலமிருந்து இடமாகத் திரும்பி வரும், அதுவும் தூண்டும் அம்புதான். அடக்கும் அம்பு ஒன்றையும் அதே திசையில் வரையவேண்டும் என்று பதினொரு வருடமாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வகுப்பின் பெறுமதி அந்த ஒற்றை அம்பில்தான் இருக்கிறது. அதன் பெரிய குறையும் அந்த அம்பைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதலாம் ஞாயிறு நுணுக்குக்காட்டியுடன் தொடங்கியது. லீஷ்மன் சாயம் ஊட்டிய குருதிப் பூச்சு ஒன்றை ஒவ்வொருவராக வந்து பார்க்கச் செய்தார் ஆசிரியை. மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்த கருவோடு நடுநிலைநாடிகள் கிடந்தன. கலம் முழுவதையும் நிரப்பிய உருண்டைக் கருவோடு சிறிய நிணநீர்க்குழியங்களும் அங்கங்கே தெரிந்தன. “இதிலை எது சீராக்கும் கலம்? காட்டுங்கோ பாப்பம்” என்றார். ஆய்வுகூடத் தம்பி ஒருவர் நெடுநேரம் குனிந்திருந்துவிட்டு, “எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கு, ரீச்சர்” என்று தோல்வியை ஒத்துக்கொண்டார். அதுதான் சரியான விடை. சாயத்தால் இந்தக் கலத்தைப் பிரித்தறிய முடியாது. மேற்பரப்பில் சீ.டி-4 என்ற அடையாளமும், மிகுதியான அளவில் சீ.டி-25 என்ற வாங்கியும் (சமிக்ஞையைப் பிடிக்கும் மூலக்கூறு), கருவுக்குள் பொக்ஸ்-பி-3 என்ற புரதமும் இருப்பதைக் கொண்டே இதனை அறிகிறார்கள். சுகதேகியின் குருதியில் உள்ள சீ.டி-4 ரி-கலங்களில் ஏறக்குறைய 5 முதல் 10 வீதம் இவைதான்.

வரலாற்றுக்கு அரைமணி நேரம் மட்டும் ஒதுக்கினார், அது போதும். ஜப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி 1995இல் செய்த பரிசோதனையில், சீ.டி-25 உள்ள கலங்களை நீக்கிவிட்டு மிச்ச ரி-கலங்களை, ரி-கலங்கள் முதிரும் உறுப்பான தைமசு இல்லாத சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் உடலே தன்னைத் தாக்கியது. நீக்கிய கலங்களையும் சேர்த்துக் கொடுத்தபோது தாக்கவில்லை. 2001இல் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், பிறந்து சில வாரங்களில் இறந்துபோகும் ஒரு சுண்டெலி வகையின் பழுதான பரம்பரையலகைக் கண்டுபிடித்து அதற்குப் பொக்ஸ்-பி-3 என்று பெயரிட்டார்கள். இந்த மூவருக்கும்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் செய்தி கைத்தொலைபேசியில் வந்து போயிருந்தது. என்ன கண்டுபிடிப்பு என்பது இந்த மாடியில்தான் புரிந்தது.

இரண்டாம் ஞாயிறு, என் கணிப்பில், முழுக் கட்டணத்துக்கும் ஈடான வகுப்பு. சன்னலுக்குச் சன்னல் ஒரு கொடிக்கயிறு கட்டி, அதில் ஒரு பழைய துவாயைப் போட்டு, துவாயின் விளிம்பில் பன்னிரண்டு சிவப்பு உடுப்புக் கிளிப்புகளை வரிசையாகக் குத்தினார் ஆசிரியை. துவாய் கிளைக்கலம், கிளிப்புகள் அதன் மேற்பரப்பில் உள்ள சீ.டி-80, சீ.டி-86 என்ற துணைத்தூண்டல் மூலக்கூறுகள். சாதாரண ரி-கலமாக நடித்த பிள்ளை ஒரு கையால் துவாயையும் மறு கையால் கிளிப் ஒன்றையும் பிடிக்கவேண்டும். இரண்டும் கிடைத்தால்தான் விழிப்பு. பிறகு தாதியர் பயிற்சியில் உள்ள ஒரு பெண் சீராக்கும் கலமாக வந்தார். அவர் கிளிப்புகளைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றித் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே போனார். மூன்றாவதாக வந்த பிள்ளை துவாயைப் பிடித்தபடி மறு கைக்கு ஒன்றும் அகப்படாமல் நின்றது. பை நிறைந்து இரண்டு கிளிப் நிலத்தில் விழுந்தபோது, “கலத்துக்குள்ளை நிலமில்லைப் பிள்ளை, விழுங்கினது உள்ளுக்கே செரிச்சுப் போகும்” என்றார் ஆசிரியை.

சீராக்கும் கலத்தில் உள்ள சீ.ரி.எல்.ஏ-4 என்ற மூலக்கூறு செய்வது இதையேதான். சாதாரண ரி-கலத்தின் சீ.டி-28 பிடிப்பதைவிட இறுக்கமாக அது சீ.டி-80, சீ.டி-86 இரண்டையும் பிடிக்கிறது. பிடித்ததோடு விடாமல், மற்றக் கலத்தின் மென்சவ்விலிருந்து பிய்த்துத் தன் கலத்துக்குள் இழுத்து அழிக்கிறது. 2011இல் வெளியான ஆய்வு இந்தப் பிடுங்கலைக் காட்டியது. சீராக்கும் கலம் தன்னைப் போன்ற இன்னொரு ரி-கலத்தை நேரே போய் அடிப்பதாகவே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது உள்ளார்ந்த பக்கத்தில் உள்ள கிளைக்கலத்தின் ஆயுதத்தைக் களைந்துவிட்டு வருகிறது. ஆயுதம் இழந்த கிளைக்கலத்தால் எத்தனை ரி-கலங்களையும் எழுப்ப முடியாது. அதே தொடுகை, திரிப்ரோபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்றைக் கிளைக்கலத்துக்குள் தூண்டிவிடவும் வல்லது என்றும், அதனால் சுற்றியுள்ள ரி-கலங்கள் பட்டினி கிடக்கின்றன என்றும் ஆசிரியை சேர்த்துச் சொன்னார். அந்தப் பகுதியை இன்னும் கொஞ்சம் விரித்திருக்கலாம்.

மூன்றாம் ஞாயிறு எழுந்த கேள்வி எனக்கும் இருந்ததே. இந்தக் கலம் கிளைக்கலத்தை அடக்குவது கடைசியில் மற்ற ரி-கலங்களை அடக்குவதற்கான வழி மட்டும்தானா, அல்லது ரி-கலமே இல்லாத இடத்திலும் உள்ளார்ந்த கலங்களை அடக்குமா? இதற்கு ஆசிரியை எடுத்துக்கொண்ட 2003ஆம் ஆண்டுப் பரிசோதனை மிக நல்ல தெரிவு. ரி-யும் பி-யும் பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளுக்கு ஹெலிக்கோபக்ரர் ஹெபற்றிக்கஸ் என்ற குடற்கிருமி கொடுக்கப்பட்டது. நிணநீர்க்குழியம் ஒன்றுமே இல்லாதபோதும், உள்ளார்ந்த கலங்களின் கொந்தளிப்பால் மட்டும், அவற்றின் குடலில் அழற்சி வந்தது. சீராக்கும் கலங்களை ஏற்றியபோது அந்த அழற்சி தடுக்கப்பட்டது, இன்ரர்லூக்கின்-10, ரி.ஜி.எப்-பீற்றா ஆகிய சைற்றோகைன்கள் (கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்கள்) அதற்குத் தேவைப்பட்டன. அடக்குவதற்கு அங்கே வேறு ரி-கலமே இல்லை என்பதால், கட்டளை நேரே உள்ளார்ந்த பக்கத்துக்கே போகிறது என்பது ஐயமறத் தெளிவாகிறது. ஒரு பரிசோதனையை ஏன் அப்படி அமைத்தார்கள் என்று இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தரும் வகுப்பை நான் பல்கலைக்கழகத்திலும் அதிகம் கண்டதில்லை.

அதே வகுப்பின் பின்பாதியில் பெருந்தின்குழியங்களும் நடுநிலைநாடிகளும் வந்தன. பெருந்தின்குழியங்களாக மாறக்கூடிய, மனிதரின் ஒற்றைக்குழியங்களைச் சீராக்கும் கலங்களோடு சேர்த்து வளர்த்தால், அவை பக்ரீரியச் சுவர்ப்பொருளைக் கண்டு சீறும் குணம் குறைந்து, குப்பை அகற்றித் திருத்தவேலை பார்க்கும் வகையாக மாறுகின்றன என்பது 2007இல் காட்டப்பட்டது. காயப்பட்ட தசையில் முதலில் வரும் சீறும் பெருந்தின்குழியங்கள் திருத்தும் பெருந்தின்குழியங்களுக்கு இடம்விடுவதற்கும் இந்தக் கலங்கள் துணைநிற்கின்றன. நடுநிலைநாடிகளைப் பொறுத்தவரை, அவற்றை அழைக்கும் சமிக்ஞைகள் குறைவதையும், அவற்றின் சாவு விரைவுபடுவதையும் சொன்னார். சேதமடைந்த கலத்திலிருந்து வெளியே கசியும், கலத்தின் ஆற்றல் மூலக்கூறான ஏ.ரி.பி ஓர் ஆபத்து அறிவிப்பு; சீ.டி-39, சீ.டி-73 என்ற இரு நொதியங்களால் சீராக்கும் கலம் அதை அடினோசினாகச் சிதைத்துவிடுகிறது, அடினோசின் அதே நடுநிலைநாடிகளை அமைதிப்படுத்துகிறது. அபாய மணியை உருக்கித் தாலாட்டுக் கிலுகிலுப்பை செய்வது போன்ற வேலை இது. ஒவ்வாமையில் பங்குகொள்ளும் மாஸ்ற் கலங்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன; அதில் எனக்குக் குறையில்லை.

நான்காம் ஞாயிறு, தொற்றிய கலங்களையும் புற்றுக்கலங்களையும் கொல்லும் உள்ளார்ந்த கலங்களான இயற்கைக் கொல்லிக் கலங்கள். இன்ரர்லூக்கின்-2 என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைச் சீராக்கும் கலம் தானாக உற்பத்தி செய்வதில்லை. ஆனால் அதை இறுகப் பிடிக்கும் வாங்கி அதனிடம்தான் மிகுதியாக இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்யும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் பாதிப்பேர் இருந்த வகுப்பில் இதை விளக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவர் பலகை போட்டு மறித்தால் கடைசிக் காணிக்கு என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசிக் காணிக்காரர் இங்கே இயற்கைக் கொல்லிக் கலம். இதற்கு மேலாக, சீராக்கும் கலம் தன் மென்சவ்வில் தாங்கியிருக்கும் ரி.ஜி.எப்-பீற்றாவால் அந்தக் கொல்லிக் கலத்தை நேரடியாகவும் தடுக்கிறது என்று 2005இல் காட்டப்பட்டது. புற்றுக்கட்டிகள் இந்தக் கலங்களைத் தம்மைச் சுற்றிக் கூட்டிவைத்திருப்பது ஏன் கேடாகிறது என்பதும் அதிலிருந்து விளங்குகிறது.

அந்த வகுப்பில் ஆய்வுகூடத்து இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. தன்னெதிர்ப்பு நோயாளருக்கு இன்ரர்லூக்கின்-2 மிகச் சிறிய அளவில் கொடுத்தால் சீராக்கும் கலங்கள் பெருகுகின்றன. ஆனால் கூடவே குருதியில் இயோசின்நாடிகள் என்ற வெண்குழியங்களும் ஏறுகின்றன. காரணம், இரண்டாம் வகை உள்ளார்ந்த நிணநீர்க்கலங்கள் எனப்படுபவற்றிலும் அதே வாங்கி உண்டு; அவையும் அந்த நீரைக் குடித்துவிட்டு இன்ரர்லூக்கின்-5 சுரக்கின்றன, அது இயோசின்நாடிகளைப் பெருக்குகிறது. எங்கள் பக்கத்தில் இயோசின்நாடி கூடினால் முதலில் நினைப்பது வயிற்றுப்புழுவைத்தான். “அப்ப புழுமருந்து குடுத்தாலும் இறங்காது” என்று ஆய்வுகூடத் தம்பி முணுமுணுத்தது முன்வரிசை வரை கேட்டது.

ஐந்தாம் ஞாயிறு தொற்றுநோய். தாதியர் பயிற்சியில் உள்ள ஒரு பெண், “ரீச்சர், இந்தக் கலங்கள் எல்லாத்தையும் அடக்கிப்போட்டுதெண்டா நோய் கூடாதே?” என்று கேட்டார். “அதைத்தான் தங்கச்சி, கிருமியும் பாத்துக்கொண்டு நிக்குது” என்றார் ஆசிரியை. உதாரணமாக எடுத்தது லீஷ்மானியா. மணல் ஈ கடித்து உண்டாகும் இந்தத் தோற்புண் இலங்கைக்குள்ளேயே தொற்றியது 1992இல் முதன்முறையாக அறியப்பட்டது; காட்டோரக் காணிகளில் வேலை செய்யும் எங்கள் மக்களுக்கு அது அந்நியமான விடயமில்லை. ஒட்டுண்ணி குடியிருப்பது பெருந்தின்குழியத்துக்குள்ளேயே. சுண்டெலியின் தோலில் சீராக்கும் கலங்கள் கூடி, பெருந்தின்குழியங்கள் ஒட்டுண்ணியை முற்றாக ஒழித்துவிடாதபடி தடுக்கின்றன என்றும், அப்படி மிஞ்சிய சிறுதொகை ஒட்டுண்ணியே மறுதொற்றுக்கு எதிரான பாதுகாப்பை நிலைநிறுத்துகிறது என்றும் 2002இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. சீராக்கும் கலத்தை நீக்கினால் ஒட்டுண்ணி முழுதாக அழிகிறது, பாதுகாப்பும் கூடவே போய்விடுகிறது. இது அழகான செய்தி.

ஆனால் இந்த இடத்தில் ஆசிரியை அவசரப்பட்டார் என்பதே என் எண்ணம். அந்தச் சுண்டெலி ஆய்வு லீஷ்மானியா மேஜர் என்ற இனத்தைக் கொண்டு செய்யப்பட்டது; இலங்கையில் தோற்புண் உண்டாக்குவது லீஷ்மானியா டொனவானி. இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கிக் காலா-அசார் என்ற கொடிய காய்ச்சலைத் தரும் இனம் இங்கே தோலோடு நிற்கிறது. சுண்டெலியில் கண்டதை அப்படியே வவுனியா நோயாளியின் புண்ணில் ஏற்றிச் சொல்லலாகாது. கேட்டபோது ஆசிரியை மறுக்கவில்லை. ஆயினும் குறிப்புகளில் இரண்டு இனங்களும் ஒரே தலைப்பின் கீழ்க் கிடக்கின்றன, வாசிக்கும் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது.

பெரிய குறை ஆறாம் ஞாயிறு வெளிப்பட்டது. சிகிச்சை பற்றிய அந்த வகுப்பில் 2006ஆம் ஆண்டு மார்ச்சில் இலண்டனில் நடந்த மருந்துப் பரிசோதனையை ஆசிரியை சொன்ன விதம் அறையையே அமைதியாக்கியது. ரி.ஜி.என்-1412 என்ற பிறபொருளெதிரி, சீராக்கும் கலங்களைப் பெருக்கி அழற்சியைத் தணிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆறு சுகதேகிகளுக்கு அது ஏற்றப்பட்டது. தணிவதற்குப் பதிலாக மற்ற ரி-கலங்களும் எழும்பி, சில மணி நேரத்துக்குள் சைற்றோகைன் புயல் ஆறு பேரின் உறுப்புகளையும் தாக்கியது. அறுவரும் உயிர்பிழைத்தார்கள். விலங்கில் அடக்கும் கலத்தைத் தட்டிய சாவி மனிதரில் வேறு கதவையும் திறந்துவிட்டது.

இத்தனை நுட்பமாகச் சொல்பவர், வகுப்பு முழுவதும் சீராக்கும் கலத்தை “பிரேக்” என்ற ஒரே சொல்லால் குறித்தது எனக்கு ஒத்துவரவில்லை. பிரேக் என்றால் அது வண்டியை நிறுத்த மட்டுமே தெரிந்தது. 2008இல் நடந்த ஹெர்பிஸ் வைரசுப் பரிசோதனை ஒன்றில் சீராக்கும் கலங்களை நீக்கிய சுண்டெலிகள் நன்றாகப் போராடியிருக்கவேண்டும்; மாறாக அவை விரைவாக இறந்தன. இயற்கைக் கொல்லிக் கலங்களும் கிளைக்கலங்களும் தொற்றிய இடத்துக்கு வந்துசேரவே தாமதமாயிற்று. அதாவது இந்தக் கலம் உள்ளார்ந்த படையை உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு அனுப்பவும் உதவுகிறது. துருசுக்குப் பொறுப்பானவர் தண்ணீரை மறிப்பவர் மட்டுமல்ல. எந்த நாளில் எந்த வாய்க்காலுக்கு என்று திறந்துவிடுபவரும் அவர்தான். வாய்க்கால் உவமையை அவ்வளவு நன்றாகக் கையாண்டவர் இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் விடுபட்டது. கிருமியைக் கண்ட கிளைக்கலம் சுரக்கும் இன்ரர்லூக்கின்-6, மற்ற ரி-கலங்களைச் சீராக்கும் கலத்தின் சொல்லுக்கு அடங்காதவையாக்குகிறது என்பது 2003இலேயே தெரிந்த விடயம். அடக்கப்படுபவர் சும்மா இருப்பதில்லை. இடமிருந்து வலம் என்ற என் பழைய படத்தைத் திருத்தி வலமிருந்து இடம் என்று ஆக்கிய வகுப்பு, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதைச் சொல்லாமல் முடிந்தது.

வசதிகள் பற்றிச் சுருக்கமாக. கதிரைகள் பிளாஸ்ரிக், மின்விசிறி இரண்டு, ஒரு ஞாயிறு மின்தடையில் இரண்டும் நின்றன. 5 மணிக்கு முடியவேண்டிய வகுப்பு ஒருநாளும் 5 மணிக்கு முடியவில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் போகிறவர்கள் மூன்று பேர் நான்காம் ஞாயிறு பேருந்தைத் தவறவிட்டு முச்சக்கரவண்டிக்குப் பங்குபோட்டோம். குறிப்புகளின் நிழற்பிரதி மங்கல். நிறத்தில் வரைந்த படங்கள் எல்லாம் சாம்பலாக வந்திருக்கின்றன, 600 ரூபாவுக்கு அது பொருந்தாது. ஆசிரியை கேள்விகளுக்குச் சலிப்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று இருமுறை சொன்னார், அடுத்த ஞாயிறு விடையோடு வந்தார்.

உயர்தரப் பரீட்சைக்குப் புள்ளி தேடும் பிள்ளைகள் இதற்குப் போகவேண்டாம். கடந்தகால வினாத்தாள் ஒன்றுகூட இங்கே தொடப்படுவதில்லை. கற்பிக்கிறவர்களும் ஆய்வுகூடத்தில் உள்ளவர்களும் போகலாம், பணம் வீண்போகாது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளைத் தவறவிடாதீர்கள். குறிப்புகளை வாங்குபவர்கள் வாசிக்கமுன் ஒரு திருத்தத்தைச் செய்துகொள்ளுங்கள்: அடினோசின் படத்தில் அம்புக்குறிகள் இரண்டும் தலைமாறி, அடினோசினிலிருந்து ஏ.ரி.பி உண்டாவதுபோல் அச்சாகியிருக்கிறது. சிவப்புப் பேனை நல்லது. சாம்பல் நிறத்தில் நீலம் தெரியாது.